ஒரு 'க' பிழைத்த கதை: பலெர்மோவில் மூன்று நாள்

2017 ஏப்ரல் விடுமுறைக்கு ரோமில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதென்று ஆறு மாதத்துக்கு முன்பே முடிவாகியிருந்தது. வீசா கிடைத்துவிட்டது. தம்பியின் பிள்ளைகளுக்கு நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் பொதி செய்தாயிற்று. பலெர்மோ என் திட்டத்தில் எங்கும் இல்லை. புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது வைபரில் ஒரு குரற்செய்தி வந்தது.

"ரீச்சர், நான் நிரோஜா. போர் முடிஞ்ச கையோடை பள்ளிக்கூடம் திறக்கேக்கை உங்களிட்டைப் படிச்சனான். இப்ப இத்தாலியிலை, பலெர்மோவிலை நிக்கிறன். 'கெஹுவா' எண்டா என்ன ரீச்சர்?"

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பிக்கிறேன். இத்தனை வருடம் கழித்து ஒரு மாணவி கடல் கடந்து நின்று சிங்களச் சொல்லுக்குப் பொருள் கேட்டால் எந்த ஆசிரியைக்கும் கொஞ்சம் தலை கனக்கத்தான் செய்யும். 'அடித்தார்' என்று பொருள் பிள்ளை என உடனே பதில் போட்டேன். அடுத்த செய்தி வந்தது.

"அப்ப ஏன் ரீச்சர், எனக்குக் கடிச்சது எண்டு எழுதி வச்சிருக்கினம்?"

தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் உடம்பு கடிக்கிறது என்றால் அரிக்கிறது என்று அர்த்தம். பல்லால் கடிப்பது வேறு.

அன்றே அவளோடு பேசினேன். நிரோஜாவுக்கு இருபத்துமூன்று வயது. பலெர்மோவுக்குக் கிழக்கே பகேரியா என்ற ஊரில், ஒரு சின்யோராவின், அதாவது எசமானி அம்மாவின், வீட்டில் துப்புரவும் துணி அழுத்துவதும் அவள் வேலை. சட்டைக் கழுத்து ஒன்று கருகிப்போனதற்காகச் சின்யோரா சட்டை மாட்டும் மரத்தாலான உடுப்புக் கொழுவியால் அவளது கையிலும் முதுகிலும் அடித்திருக்கிறார். அவள் வேலையை விட்டு வெளியே வந்து, தொழிலாளர்களுக்கு உதவும் ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். பெயர் வேண்டாம், அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவளுடைய இத்தாலியன் வீட்டு வேலைக்குப் போதும், முறைப்பாட்டுக்குக் காணாது. கடவுச்சீட்டில் இலங்கை என்று இருந்ததைப் பார்த்த அலுவலகப் பெண், தனக்குத் தெரிந்த ஒரு சிங்கள மனிதரைத் தொலைபேசியில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறார். நிரோஜாவும் பள்ளிக்கூடச் சிங்களத்தை நம்பி, எனக்கு அடித்தது, கையில் அடித்தது, முதுகில் அடித்தது என்று சொன்னாள். அவர் "மருந்து பூசினீங்களா?" என்று கேட்டார். "ஓம்" என்றாள். கையில் சிவப்பும் இருந்தது, மருந்துக்கடைக் களிம்பும் இருந்தது. அறிக்கை தயாராயிற்று: கையிலும் முதுகிலும் அரிப்பு.

சின்யோராவின் தரப்புக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. சவர்க்காரத்தூள் ஒத்துக்கொள்ளாமல் பெண் தானாகவே வேலையை விட்டாள் என்று பதில் எழுதிவிட்டார்கள். இனி அவள் அடித்ததாகச் சொன்னால், பிறகு சோடித்த கதை என்பார்கள். இரு தரப்பையும் இருத்திப் பேசும் கூட்டம் ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு. அன்று அறிக்கை திருந்தாவிட்டால் அரிப்புத்தான் கடைசி வரை நிற்கும். சொந்த வாயால் பொய் சொன்னவள் என்ற பெயரோடு அவள் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கவும் வேறு வீட்டில் வேலை கேட்கவும் வேண்டும்.

பிழை எங்கே நடந்தது என்று அந்த இரவே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் பந்தை உதைத்துவிட்டு 'கோல்' என்று கத்துவார்கள். மாடு மேய்ப்பவர் கையில் இருப்பதும் கோல்தான். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஆனால் வாயில் வேறு வேறு சத்தம். சிங்களத்தில் அவை இரண்டு எழுத்துகள்: பந்தின் கோலுக்கு ග, மாட்டுக்காரரின் கோலுக்கு ක. ගැහුවා என்றால் அடித்தது. කැහුවා என்றால் அரித்தது. நான் கரும்பலகையில் ஒவ்வொரு சிங்களச் சொல்லுக்கும் கீழே தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுவேன். இரண்டுக்கும் கீழே 'கெஹுவா' என்றுதான் எழுதினேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் கொப்பியில் பார்த்து எழுதினார்கள்.

நான் சமூகக்கல்விக்கு நியமனம் பெற்றவள். வவுனியா ஆஸ்பத்திரியில் அம்மாவோடு ஐந்து மாதம் நின்றதில் கொஞ்சம் சிங்களம் பேசுவேன் என்று அதிபர் கண்டுபிடித்தார். பத்து நாள் பயிற்சி, ஒரு பாடநூல், அவ்வளவுதான், மறு தவணையே சிங்கள ரீச்சர் ஆகிவிட்டேன். இது என் கதை மட்டுமல்ல, எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றின் கதை. ஆள் இல்லாத பாடத்துக்கு அகப்பட்ட ஆள். "அவங்கடை பாசை எங்கடை பிள்ளையளுக்கு என்னத்துக்கு?" என்று ஒரு தகப்பன் வகுப்பு வாசலில் வந்து நின்று கேட்டார். "அவங்கள் எழுதித் தாற கடுதாசியிலை என்ன கிடக்கெண்டு பாத்துப்போட்டுக் கையெழுத்து வைக்கிறதுக்கு" என்றேன். இன்றைக்கும் அதே பதில்தான். ஆனால் வாசிக்கக் கற்றுக் கொடுத்தேனே தவிர வாயைத் திருத்தவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

தம்பியிடம் சொன்னபோது சிரித்தான். "வத்திக்கானைப் பாக்காமல் வழக்குப் பாக்கவோ அக்கா வாறாய்?" என்றான். வத்திக்கான் எங்கும் ஓடாது என்று சொல்லி, செவ்வாய்க்கிழமைக்கு ரயில் சீட்டு எடுக்க வைத்தேன்.

ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து காலை 7.26க்கு ரயில். இரண்டாம் வகுப்பு 47 யூரோ. ஏறக்குறைய 900 கிலோமீற்றர், பதினொன்றரை மணி நேரம். விமானம் ஒரு மணி நேரத்தில் போய்விடும், சில நாட்களில் விலையும் குறைவு. ஆனாலும் ஒரு முறையாவது ரயிலில் போங்கள். இத்தாலியின் கால்விரலில் வில்லா சான் ஜொவான்னி என்ற இடத்தில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, அப்படியே கப்பலுக்குள் தள்ளி ஏற்றுகிறார்கள். பயணிகளெல்லாம் பெட்டியை விட்டிறங்கிப் படியேறிக் கப்பலின் மேல்தட்டில் நின்று மெசினா நீரிணையைப் பார்த்தோம். கடல் கடக்க அரை மணி நேரம், கழற்றிப் பூட்ட ஒன்றரை மணி நேரம். கப்பலில் சோற்று உருண்டைப் பொரியல் ஒன்று 2 யூரோ 50 சதம். அரன்சீனா என்கிறார்கள். உள்ளே இறைச்சி இருக்கும், சைவக்காரர் கேட்டு வாங்குங்கள்.

பலெர்மோவில் இறங்க ஏழரை மணி ஆகிவிட்டது, நாற்பது நிமிடம் தாமதம். நிரோஜா நிலைய வாசலில் நின்றாள். வகுப்பில் மூன்றாம் வரிசை வாங்கில் இருந்து எதற்கும் தலையாட்டும் மெலிந்த பிள்ளையாகத்தான் எனக்கு ஞாபகம். இப்போது என் பெட்டியைப் பறித்தெடுத்துக்கொண்டு, சிவப்பு விளக்கைச் சட்டை செய்யாமல் கார்களுக்கு நடுவே கையை நீட்டித் தெருவைக் கடந்தாள். "இஞ்சை இப்பிடித்தான் ரீச்சர். நிண்டா நிண்டதுதான்." அல்பெர்கேரியாவுக்குப் பத்து நிமிட நடை. பலாரோ சந்தையைச் சுற்றியுள்ள ஒடுங்கிய சந்துகள்தான் அல்பெர்கேரியா. வாடகை குறைவு, எங்கள் ஆட்கள் அதிகம். கத்தரிக்காயும் வாளைமீனும் விற்கும் இடத்தில் முருங்கைக்காயும் கிடைக்கும். எனக்கு ஓர் இரவுக்கு 25 யூரோவில் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி முகத்தில் படும்.

நிரோஜா தங்கியிருப்பது மன்னாரிலிருந்து வந்த றீற்றா அக்கா வீட்டில். பங்குக் கோயிலில் நல்ல மதிப்புள்ளவர், பதினெட்டு வருடம் பலெர்மோவில். நிரோஜாவுக்கு அந்தச் சின்யோராவின் வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். அன்றிரவு புட்டும் மீன்குழம்பும் போட்டுக்கொண்டே என்னைத் திருத்தப் பார்த்தார்.

"ரீச்சர், நீங்கள் நாலு நாளிலை போயிடுவியள். நாங்கள் இஞ்சை இருக்கிறனாங்கள். அந்தச் சின்யோராவின்ரை தங்கச்சி வீட்டிலை எங்கடை ரெண்டு பேர் வேலை செய்யினம். இவளுக்குக் கடிச்சதெண்டே இருக்கட்டுமே. என்ன குறைஞ்சு போச்சு?"

"முதுகு குறைஞ்சு போச்சு" என்றாள் நிரோஜா.

பலெர்மோவில் இத்தாலியன் நன்றாகத் தெரிந்த தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. மொழிபெயர்க்க வரும்படி நிரோஜா நான்கு பேரிடம் கேட்டிருக்கிறாள். ஒருவருக்கு வியாழக்கிழமை வேலை, ஒருவருக்கு இடுப்பு வலி, இருவர் போனை எடுக்கவில்லை. யாரையும் நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன், வயிற்றுப்பாடு. ஆனால் அடி வாங்கியவளை அரிப்பு என்று ஒப்புக்கொள்ளச் சொல்வதற்குப் பெயர் புத்திமதி அல்ல. அதை றீற்றா அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு துண்டு மீனை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

புதன் காலை பகேரியாவுக்குப் போனோம். சின்யோராவைப் பார்க்க அல்ல, ஊர் பார்க்க. மத்திய நிலையத்திலிருந்து 15 கிலோமீற்றர், ரயிலில் கால் மணி நேரம், சீட்டு 2 யூரோ 50 சதம். ஏறுமுன் மஞ்சள் இயந்திரத்தில் சீட்டைக் குத்த மறந்தால் தண்டம் அறவிடுவார்கள். கல் அரக்கர்கள் மதிலெல்லாம் நிற்கும் பழைய மாளிகை ஒன்று அங்கே இருக்கிறது. நுழைவு 5 யூரோ. நிரோஜா இரண்டு வருடமாக அந்த மதிலைக் கடந்து வேலைக்குப் போனவள், ஒரு நாளும் உள்ளே போனதில்லை. குதிரைத் தலையும் மனிதக் கையுமாய் நின்ற ஓர் உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "எங்கடை சின்யோராவை வடிவாச் செதுக்கியிருக்கினம்" என்றாள். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தோம். நேரம் பதினொன்று, வெயில் இதமாக இருந்தது.

பின்னேரம்தான் முக்கிய வேலை. வுச்சீரியா பழைய சந்தைப் பகுதி. இப்போது மீன்கடைகளைவிடக் குடிக்கும் மேசைகள் அதிகம். அங்கே ஒரு சந்தில் போன் திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறார் பியசேன. அன்று தொலைபேசியில் மொழிபெயர்த்தவர் இவர்தான். அறுபது வயதிருக்கும், தென்னிலங்கையின் காலி நகரத்தைச் சேர்ந்தவர், மூக்குநுனியில் கண்ணாடி. நான் சிங்களத்தில் வணக்கம் சொன்னதும் ஸ்டூலைத் தூசி தட்டி வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"அந்தப் பெண் சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்றார் சிங்களத்தில். "ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை."

"இவள் அடித்ததாகச் சொன்னாள். நீங்கள் அரித்ததாகக் கேட்டீர்கள்" என்றேன் நானும் சிங்களத்தில், கொஞ்சம் சூடாகவே.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரீச்சர், கோபிக்க வேண்டாம். இப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? இவள் அரித்ததாகச் சொன்னாள், நீங்கள் அரித்ததாகக் கேட்டீர்கள் என்றீர்கள்."

நிரோஜா என்னைப் பார்த்தாள். கரும்பலகை மட்டும் பிழை என்று நினைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வந்திருக்கிறேன். என் வாயே பிழை. முகம் எரிந்தது. எத்தனை வருடமாக, எத்தனை வகுப்புக்கு முன்னால், எவ்வளவு திமிராக அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன்! ஆஸ்பத்திரியிலும் அரசாங்கக் கந்தோரிலும் என்னோடு பேசிய சிங்களவர்கள் இடத்தைப் பார்த்து அர்த்தத்தை ஊகித்திருப்பார்கள், மரியாதைக்குத் திருத்தாமல் விட்டிருப்பார்கள். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்குப் பார்க்க இடம் ஏது?

"சரி, சொல்லித் தாருங்கள்" என்றேன்.

தொண்டையில் விரலை வைக்கச் சொன்னார். ග சொல்லும்போது அது விரலில் அதிர வேண்டும். எனக்கு அதிரவில்லை. ஐந்து தடவை, எட்டுத் தடவை. பிறகு நிரோஜாதான் வழி கண்டுபிடித்தாள். "ரீச்சர், பந்து அடிச்சா என்னெண்டு கத்துவம்? அதைக் கத்திப்போட்டு உடனை இதைச் சொல்லுங்கோ."

கத்தினேன். "கோல்! ගැහුවා. கோல்! ගැහුවා." அவளும் சேர்ந்து கத்தினாள். வெளியே மேசையில் இருந்த இரண்டு கிழவர்கள் எழுந்து வந்து கடைக்குள் எட்டிப் பார்த்து, யார் அடித்தது, எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார்கள். பியசேன அவர்களை விரட்டுவதற்குள் என் விரலின் கீழே தொண்டை அதிர்ந்துவிட்டது.

நாளை நேரில் வரும்படி கேட்டோம். தயங்கினார். அந்த அலுவலகத்தில் அவருக்கு நல்ல பெயர், பிழைவிட்டேன் என்று போய் நிற்க யாருக்கு மனம் வரும்? கொஞ்ச நேரம் போன் மூடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவள் தமிழில் சொல்லட்டும், ரீச்சர் எனக்குச் சிங்களத்தில் சொல்லுங்கள், நான் இத்தாலியனில் சொல்கிறேன்" என்றார். நிரோஜா அப்போதுதான் நிமிர்ந்தாள். தமிழில் சொல்லலாம் என்று இத்தனை நாளில் அவளிடம் முதலில் சொன்ன ஆள் ஒரு சிங்களவர்.

வியாழன் 9.40க்கே போய்விட்டோம். மூன்றாம் மாடி, மின்தூக்கி வேலை செய்யவில்லை. நீள மேசையின் ஒரு பக்கம் சின்யோரா, வெள்ளை ரவிக்கை, நல்ல வாசனை. பக்கத்தில் அவருடைய வழக்கறிஞர். மேசையின் தலைப்பக்கத்தில் அலுவலகப் பெண். புதிய படிவத்தில் மொழி என்ற கட்டத்தில் 'சிங்களம்' என்று இத்தாலியனில் ஏற்கனவே அச்சாகியிருந்தது. நிரோஜா பேனையை எடுத்து அதைக் குறுக்கே வெட்டித் 'தமிழ்' என்று தமிழிலேயே எழுதினாள். அலுவலகப் பெண் ஏதோ சொன்னார். போன முறை சிங்களம் பேசினாளே, தெரிந்த மொழிதானே என்று கேட்கிறார் என்றார் பியசேன.

"எனக்குச் சிங்களம் தெரியும்" என்றாள் நிரோஜா. "தெரியுமெண்டதுக்காக என்ரை அடியை அதிலை சொல்ல வேணுமோ?"

நான் அதைச் சிங்களமாக்கினேன், அவர் இத்தாலியனாக்கினார். அலுவலகப் பெண் தமிழ் எழுத்துகளுக்குக் கீழே இத்தாலியனில் 'தமிழ்' என்று எழுதினார்.

சட்டை, சூடான மின்னழுத்தி, உடுப்புக் கொழுவி என்று ஒவ்வொரு வசனமாகப் போயிற்று. ஒவ்வொன்றும் மூன்று வாய் கடந்தது. பிறகு அந்தச் சொல் வந்தது. "கையிலை அடிச்சவ. பிறகு முதுகிலை மூண்டு தரம் அடிச்சவ." நான் மேசைக்குக் கீழே காலை ஊன்றி, மனதுக்குள் பந்தை உதைத்து, சொன்னேன். பியசேன என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இத்தாலியனில் சொன்னார். சின்யோராவின் கழுத்து சிவந்தது.

வழக்கறிஞர் உடனே பழைய அறிக்கையைத் தூக்கினார். இதே மொழிபெயர்ப்பாளர் போன முறை அரிப்பு என்றாரே? பியசேன எழுந்து நின்றார். பிழை என் காதில் என்று சொன்னார். என்னால் பொறுக்க முடியவில்லை. அது அவர் காதில் அல்ல, என் கரும்பலகையில் என்று சிங்களத்தில் குறுக்கிட்டேன். இல்லை ரீச்சர், நான் திரும்பக் கேட்டிருக்க வேண்டும் என்றார் அவர். நான் விடவில்லை. அவரும் விடவில்லை.

நிரோஜா மேசையில் கையை வைத்தாள்.

"ரெண்டு பேரும் பிழையைப் பங்கு போட்டது காணும்" என்றாள். "அடிச்சது அவ."

அதை நான் மொழிபெயர்க்கும் முன்பே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அவளுடைய விரல் சின்யோராவை நேரே காட்டிக்கொண்டிருந்தது. சின்யோரா வழக்கறிஞரின் காதில் என்னவோ சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டு பழைய அறிக்கையைக் கோப்புக்குள் வைத்தார்.

புதிய அறிக்கையில் கையெழுத்துக் கேட்டபோது நிரோஜா பேனையைத் தொடவில்லை. முழுவதையும் தமிழில் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றாள். இத்தாலியனிலிருந்து சிங்களம், சிங்களத்திலிருந்து தமிழ், திரும்ப அதே மூன்று வாய். ஒரு மணி பத்து நிமிடம் எடுத்தது. அலுவலகம் ஒரு மணிக்குப் பூட்டும். பூட்டவில்லை, இருந்தார்கள். 'அடித்தார்' என்ற வரியை அவள் இரண்டு தடவை வாசிக்க வைத்தாள். 1.25க்குக் கையெழுத்திட்டாள். அதுவும் தமிழில்.

விஷயம் இன்னும் தீரவில்லை. சின்யோரா தரப்பு பதிலுக்கு அவகாசம் கேட்டிருக்கிறது. ஆனால் கோப்பில் இப்போது கடி இல்லை, அடி இருக்கிறது. நிரோஜா காலையில் இரண்டு மணி நேரம் ஒரு மருத்துவர் வீட்டில் வேலை செய்கிறாள். அதைப் பிடித்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? றீற்றா அக்காதான். மனிதர்களை ஒரு மீன்குழம்பில் எடை போடக் கூடாது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஏப்ரலும் மேயும் நல்ல காலம், ஓகஸ்டில் பாதிக் கடை பூட்டு. விமானத்தில் வந்தால் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு 35 கிலோமீற்றர், பஸ் 6 யூரோ 30 சதம், ஐம்பது நிமிடம். நகரப் பஸ் சீட்டு 1 யூரோ 40 சதம், தொண்ணூறு நிமிடம் செல்லும், ஆனால் பழைய நகரத்தை நடந்து பாருங்கள். கைப்பையை உடம்போடு பிடியுங்கள். பலாரோவில் கடலைமாப் பொரியலைப் பாணுக்குள், அதாவது ரொட்டிக்குள், வைத்துத் தருவார்கள், 2 யூரோவுக்கு ஒரு நேரச் சாப்பாடு முடிந்துவிடும். ஞாயிறு காலையில் மலைமேல் உள்ள புனித ரொசாலியாவின் குகைக்கு நடந்து ஏறுங்கள். வழியெல்லாம் தமிழ் கேட்கும், விபூதி பூசியவர்களும் ஏறுவார்கள். வத்திக்கான் எனக்கு இன்னும் பாக்கி.

வேலைக்கோ அகதி விண்ணப்பத்துக்கோ போகிறவர்களுக்கு வேறு குறிப்பு. எந்தப் படிவத்திலும் மொழி என்று ஒரு கட்டம் இருக்கும். இலங்கை என்று கண்டதும் மற்றவர் அதை நிரப்பிவிடுவார். விடாதீர்கள். சிங்களம் தெரிந்தால் தெரியும் என்று சொல்லுங்கள், ஆனால் உங்கள் உயிரும் முதுகும் சம்பந்தப்பட்டதைத் தமிழில்தான் சொல்வேன் என்று சொல்லுங்கள். ஆள் இல்லை என்றால் வரும் வரை காத்திருப்பேன் என்று கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். வாசித்துக் காட்டாத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

பாடசாலை திறந்த அன்றே வகுப்பில் என் பிழையைச் சொல்லிவிட்டேன். இனி என் கரும்பலகையில் சிங்களச் சொல்லுக்குக் கீழே தமிழ் எழுத்து வராது, ஒவ்வொரு சொல்லையும் தொண்டையில் விரல் வைத்துத்தான் படிப்போம். "பரீட்சைப் பெறுபேறு விழுந்தா ஆர் பதில் சொல்லுறது?" என்று அதிபர் கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். வாசலில் வந்து நின்று கேட்கும் தகப்பன்மாருக்கும் பதில் வைத்திருக்கிறேன். பாடநூலின் முதல் வசனம் 'என் பெயர் இன்னது' என்பது. அதைப் பின்னால் தள்ளிவிட்டேன். என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் முதலில் பாடமாக்கும் சிங்கள வசனம் இது: මට දෙමළෙන් කතා කරන්න ඕන. எனக்குத் தமிழில் கதைக்க வேண்டும். அதில் 'தமிழ்' என்ற சொல் ග போலவே அதிரும் எழுத்தான ද வில் தொடங்குகிறது. தொண்டை அதிரும்படி அழுத்திச் சொல்ல வேண்டும்.